இடம் மாறிய ஆறு

டௌட்ஃபுல் சவுண்ட் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது வரைபடத்தில் அன்று. பல்கலைக்கழக முதலாம் ஆண்டில், தரவு ஆய்வுப் பாடத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஒரு கணினிக் கோப்பில்.

அந்தக் கோப்பைத் திறந்தால் 62 புள்ளிகளும் அவற்றை இணைக்கும் 159 கோடுகளும் திரையில் விரியும். ஒவ்வொரு புள்ளியும் நியூசிலாந்துக் கடற்கரையில் வாழ்ந்த ஒரு பாட்டில்மூக்கு டால்பின். எந்த டால்பின் எதனோடு அடிக்கடி சேர்ந்து நீந்தியது என்பதைக் கோடுகள் காட்டும். 1994 முதல் 2001 வரை திரட்டிய பதிவுகளிலிருந்து டேவிட் லூசோ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் தொகுத்த தரவு இது. உலகெங்கும் வலையமைப்புப் பாடம் படிக்கும் மாணவர்கள் இதை வைத்துத்தான் பழகுகிறார்கள். சில புள்ளிகளுக்கு 'கிரின்', 'ஜெட்', 'டிரிகர்' என்று பெயர்கூட உண்டு.

கூட்டத்தை இரண்டு குழுக்களாகப் பிரிக்கும் பயிற்சியைச் செய்தேன். விடை சரியாக வந்தது. மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்த டால்பின்கள் எப்படிப்பட்ட தண்ணீரில் நீந்தின என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் டனிடின் நகரில் ஒரு பருவம் படிக்கப் போனேன். பருவத்தின் இடையில் ஒரு வாரம் விடுமுறை. விடுதியில் மற்றவர்கள் பனிச்சறுக்குக்குக் கிளம்பினார்கள். எனக்கு அந்தப் பழைய கோப்பு நினைவுக்கு வந்தது. பேருந்து ஏறினேன்.

அந்த இடத்துக்கு நேராகப் போகச் சாலை கிடையாது. மனபூரி என்ற சிற்றூரிலிருந்து மனபூரி ஏரியைப் படகில் கடக்க வேண்டும். அக்கரையில் காத்திருக்கும் பேருந்து, 671 மீட்டர் உயரமுள்ள வில்மட் கணவாயின் மேல் ஏறி மறுபுறம் இறங்கும். நாட்டின் வேறு எந்தச் சாலையோடும் சேராத தனிச் சாலை அது. அடிவாரத்தில் டீப் கோவ் என்ற சிறு விரிகுடா. அங்கிருந்து மீண்டும் படகு.

படகு நின்றதும் வழிகாட்டிப் பெண்மணி ஒரு வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கினார். நீரை அள்ளி ஆளுக்கு ஒரு சிறு கோப்பையில் ஊற்றிக் கொடுத்து, குடித்துப் பார்க்கச் சொன்னார். தயங்கித் தயங்கி ஒரு மிடறு குடித்தேன். உப்பே இல்லை. நன்னீர்!

பனி செதுக்கிய பள்ளத்தாக்கு

அந்தத் தண்ணீர் ஏன் உப்பாக இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த இடம் எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும்.

டௌட்ஃபுல் சவுண்ட், நியூசிலாந்துத் தென் தீவின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃபியோர்ட்லேண்ட் தேசியப் பூங்காவில் இருக்கிறது. மாவோரி மக்கள் இதைப் பாட்டியா என்று அழைக்கிறார்கள். 1770ஆம் ஆண்டு அவ்வழியே வந்த கேப்டன் ஜேம்ஸ் குக், உள்ளே போனால் காற்று மறுபடியும் தம்மை வெளியே விடுமா என்று சந்தேகப்பட்டார். கப்பலை உள்ளே செலுத்தாமலேயே, 'சந்தேகத் துறைமுகம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டிவிட்டுப் போய்விட்டார். 1793ஆம் ஆண்டில் வந்த மலாஸ்பினாவின் ஸ்பானியப் பயணக் குழுதான் சிறு படகில் உள்ளே சென்று வரைபடம் வரைந்தது. நியூசிலாந்தின் இந்தக் கோடியில் சில இடங்களுக்கு ஸ்பானியப் பெயர்கள் இருப்பது அதனால்தான்.

'சவுண்ட்' என்பதும் தவறான பெயர்தான். புவியியலில் அது கடல் புகுந்த ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறிக்கும். இதுவோ பனியாறு செதுக்கிய பள்ளத்தாக்கு. இப்படிப்பட்டதை ஃபியோர்டு என்கிறோம். தமிழில் நுழைகழி என்ற சொல்லும் உண்டு.

ஓர் ஆறு நிலத்தை அறுக்கும்போது ஆங்கில 'வி' எழுத்தைப் போன்ற பள்ளத்தாக்கு உருவாகும். நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுள்ள பனியாறு நகரும்போது அடியையும் பக்கங்களையும் சேர்த்தே சுரண்டும். அதனால் செங்குத்தான சுவர்களும் அகன்ற அடித்தளமும் கொண்ட 'யு' வடிவம் கிடைக்கும். பனியுகம் முடிந்து பனி உருகி, கடல்மட்டம் உயர்ந்தபோது கடல்நீர் உள்ளே புகுந்தது. டௌட்ஃபுல் சவுண்டின் நீளம் சுமார் 40 கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 421 மீட்டர்.

ஆனால் ஃபியோர்டின் வாயருகே பனியாறு வலுவிழந்துவிடும். அங்கே அது அவ்வளவு ஆழமாகச் சுரண்டுவதில்லை. தான் இழுத்து வந்த கல்லையும் மண்ணையும் போட்டுவிடுவதும் உண்டு. ஆகவே வாயில் அடித்தளம் மேடாக இருக்கும். வீட்டு வாசற்படியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கடலின் நீர் அந்தப் படியைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். அதனால் உள்ளே ஆழத்தில் கிடக்கும் நீர் மெதுவாகத்தான் மாறும்.

தே ஓ நிறத்தில் ஒரு கடல்

இனி மழைக்கு வருவோம். டாஸ்மன் கடலிலிருந்து வீசும் ஈரமான மேற்குக் காற்று நேராக இந்த மலைகளில் மோதுகிறது. மேலே ஏறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. இதற்கு வடக்கே உள்ள மில்ஃபர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மழைக்குப் பேர்போன நம் சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி 2,100 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும்.

மழை விட்ட சிறிது நேரத்துக்குள் பாறைச் சுவரெங்கும் அருவிகள் தோன்றிவிடும். டீப் கோவில் லிவியா ஆறு வந்து சேர்கிறது. கேயர் ஆர்ம் என்ற கிளையில் காமெலட் ஆறு கலக்கிறது. 600 மீட்டருக்கும் மேலிருந்து பிரவுன் அருவி விழுகிறது. இவ்வளவு நன்னீரும் ஒரு குறுகிய, சுவர் எழுப்பிய தொட்டிக்குள் வந்து சேர்கிறது.

நன்னீர், கடல்நீரைவிட இலேசானது. திறந்த கடலில் அலையும் காற்றும் இரண்டையும் கலக்கிவிடும். இங்கோ சுற்றிலும் மலை. நீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். எனவே நன்னீர் மேலே ஒரு போர்வையாக மிதக்கிறது. மழையைப் பொறுத்து அதன் தடிமன் சில மீட்டர்கள் இருக்கும். நான் குடித்தது அந்தப் போர்வையைத்தான்.

நம் ஊரில் நன்னீரையும் கடல்நீரையும் பிரிப்பதற்கு 2008ஆம் ஆண்டில் மரினா அணைக்கட்டைத் திறந்தோம். 350 மீட்டர் அகலக் கால்வாயின் குறுக்கே ஒன்பது எஃகுக் கதவுகள். அங்கே நன்னீரும் கடல்நீரும் பக்கம் பக்கமாக, நடுவில் சுவருடன் நிற்கின்றன. இங்கே சுவரே இல்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன.

அந்தப் போர்வைக்கு நிறமும் உண்டு. மலைச்சுவர்களில் மண் மிகக் குறைவு. பாசியிலும் மக்கிய இலைகளிலும் வேரூன்றி, ஒன்றின் வேரை ஒன்று பற்றிக்கொண்டு மரங்கள் நிற்கின்றன. அந்த இலைக்குப்பை வழியாக இறங்கும் மழைநீரில் டானின் என்ற சாயம் ஊறுகிறது. தேயிலையில் இருக்கும் அதே வகைப் பொருள். தண்ணீர், நிறைய நீர் சேர்த்த தே ஓவைப் போலிருக்கும்.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதிவரை நன்றாக உப்புக் கரைத்த நீரை ஊற்றுங்கள். ஆறவைத்த, சர்க்கரை போடாத தே ஓவைக் கரண்டியின் முதுகில் வழியவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். தேநீர் மேலேயே நிற்கும். குவளையை மேலிருந்து பாருங்கள். அடியில் இருக்கும் நீர் இருட்டாகத் தெரியும்.

ஃபியோர்டிலும் அதுவேதான் நடக்கிறது. சாயமேறிய நன்னீர் வெளிச்சத்தைத் தடுப்பதால், அதன் அடியில் உள்ள கடல் ஆழ்கடலைப்போல் இருண்டிருக்கிறது. மற்ற இடங்களில் வெகு ஆழத்தில் வாழும் கறுப்புப் பவளம் இங்கே பத்து மீட்டர் ஆழத்திலேயே வளர்கிறது. பெயர்தான் கறுப்பு, உயிரோடிருக்கும்போது அது வெள்ளையாக இருக்கும். உள்ளே உள்ள எலும்புக்கூடுதான் கறுப்பு. மிக மெதுவாக வளரும் அந்தப் பவளம் நூற்றாண்டுகளைக் கடந்தும் வாழக்கூடியது.

ஆக, ஃபியோர்டைப் பனி செதுக்கியது என்றாலும், அதில் எந்த உயிர் எங்கே வாழலாம் என்பதை ஆறுகள்தான் நாள்தோறும் தீர்மானிக்கின்றன. மழை வலுத்தால் போர்வை தடிக்கும். சில நாள்கள் வெயில் அடித்தால் மெலியும். அந்த இடைவெளியில் உப்புநீர் மேலேறி வரும். பாறையில் ஒட்டி வாழும் கடலுயிர்கள் சற்று மூச்சு வாங்கிக்கொள்ளும்.

மலையைத் துளைத்து வந்த ஆறு

இதையெல்லாம் வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தபோது, டீப் கோவின் ஓரத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு வெளிவருவதைக் கவனித்தேன். அது எந்த ஆறு என்று கேட்டேன். "அது வையாவ்" என்றார். வரைபடத்தைப் பார்த்தேன். வையாவ் ஆறு மலைக்கு அந்தப் பக்கம், தெற்கு நோக்கி ஓடுகிறது.

நாங்கள் படகில் கடந்து வந்த மனபூரி ஏரிக்குத்தான் இதன் விடை தெரியும். அந்த ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 178 மீட்டரில் இருக்கிறது. ஏரிக்கும் ஃபியோர்டுக்கும் இடையில் ஒரே ஒரு மலைத்தொடர்தான். மலையைக் குடைந்தால் அந்த உயர வேறுபாடு முழுவதையும் மின்சாரமாக்கலாம் என்று பொறியாளர்கள் கணக்கிட்டார்கள்.

1960களில் வேலை தொடங்கியது. ஏரிக்கரையின் அடியில், சுமார் 200 மீட்டர் ஆழத்தில், பாறையைக் குடைந்து மின்நிலையம் கட்டினார்கள். அங்கிருந்து டீப் கோவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். சுரங்கத் தொழிலாளர்கள் தங்குவதற்கு 'வாங்கனெல்லா' என்ற பழைய பயணிகள் கப்பலை ஃபியோர்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் பேருந்தில் கடந்த வில்மட் சாலையும் இந்தத் திட்டத்துக்காகப் போடப்பட்டதுதான். கட்டுமானத்தில் 16 பேர் உயிரிழந்தார்கள். 1971ஆம் ஆண்டில் மனபூரி மின்நிலையம் முழுமை பெற்றது. நியூசிலாந்தின் ஆகப் பெரிய நீர்மின் நிலையம் இன்றும் அதுதான். அதன் மின்சாரத்தின் பெரும்பகுதி, டிவாய் பாயிண்ட் என்ற இடத்தில் உள்ள அலுமினிய ஆலைக்குப் போகிறது.

பொறியியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. முதல் சுரங்கத்தில் நீருக்கும் சுவருக்கும் இடையிலான உராய்வு, கணக்கிட்டதைவிட அதிகமாக இருந்தது. அதனால் நிலையம் முழுத் திறனில் இயங்க முடியாமல் போனது. 2002ஆம் ஆண்டில் பக்கத்திலேயே இரண்டாவது சுரங்கம் திறக்கப்பட்ட பிறகே அந்தக் குறை தீர்ந்தது.

இப்போது நிலையம் முழுவீச்சில் இயங்கும்போது விநாடிக்குச் சுமார் 500 கன மீட்டர் நன்னீர் டீப் கோவில் கொட்டுகிறது. 50 மீட்டர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தை ஐந்து விநாடிகளில் நிரப்பிவிடும் அளவு. அந்த ஃபியோர்டுக்கு இயற்கையாக வரும் ஆறுகள், அருவிகள் அனைத்தும் சேர்ந்து சராசரியாகக் கொண்டுவரும் நீரைவிட இது அதிகம். வெயில் அடித்தாலும் இந்த ஆறு வற்றாது. பாறை உயிர்களுக்குக் கிடைத்த அந்த இடைவெளியும் குறைந்துவிட்டது. ஃபியோர்டின் உட்பகுதியில், உப்புநீர் தேவைப்படும் உயிர்கள் மேலே வர முடியாமல் போர்வைக்குக் கீழேயே தங்கிவிடுகின்றன.

பாதி காலியான ஆறு

ஓரிடத்தில் தண்ணீர் கூடினால் வேறோர் இடத்தில் குறைந்திருக்க வேண்டும் அல்லவா?

மனபூரி ஏரியின் நீர் இயற்கையாக வையாவ் ஆற்றின் வழியே தெற்கே ஓடி, டெ வேவே விரிகுடாவில் கலந்துகொண்டிருந்தது. நீரோட்ட அளவில் அது நியூசிலாந்தின் பெரிய ஆறுகளில் ஒன்று. விநாடிக்குச் சராசரியாகச் சுமார் 450 கன மீட்டர் ஓடிய ஆறு. 1976ஆம் ஆண்டில் மரரோவா ஆறு அதனுடன் சேரும் இடத்தில் ஒரு தடுப்பணை கட்டப்பட்டது. அதன்பின் நீரின் பெரும்பகுதி ஏரி வழியாக மலைக்குள் திரும்பிவிட்டது. கீழ்ப்பகுதிக்குக் குறைந்தபட்ச நீர் விடப்பட வேண்டும் என்ற ஏற்பாடு 1990களின் பிற்பகுதியில்தான் வந்தது. பருவத்தைப் பொறுத்து விநாடிக்கு 12 முதல் 16 கன மீட்டர்.

450 எங்கே, 16 எங்கே?

குறைந்த நீர், மாறாத ஓட்டம் என்று ஆறு மெலிந்தது. 2004ஆம் ஆண்டில் 'டிடிமோ' என்ற அயல்நாட்டுப் பாசி நியூசிலாந்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இந்தக் கீழ் வையாவில்தான். ஈரக் கம்பளிபோல் கற்களை மூடும் பாசி அது. வெள்ளம் வந்து அடித்துப் போகாத ஆறுகள் அதற்கு வசதி. அதைக் கழுவிவிட அவ்வப்போது அணையிலிருந்து கூடுதல் நீர் திறந்துவிடுகிறார்கள். முட்டையிடக் கடலுக்குப் போக வேண்டிய விலாங்கு மீன்களுக்கும் வழி கடினமாகிவிட்டது. அவற்றைப் பிடித்து, தடைகளைத் தாண்டிக் கொண்டுபோய் விடும் திட்டம் நடக்கிறது. மீன் தானாகப் போன பாதையில் இப்போது மனிதர் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு முரண்பாடு என்னை யோசிக்க வைத்தது. மின்சாரத்துக்காக மனபூரி ஏரியின் மட்டத்தை 30 மீட்டர்வரை உயர்த்தும் திட்டமும் அப்போது இருந்தது. கரையோரக் காடுகள் மூழ்கிவிடும் என்று மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1970ஆம் ஆண்டு அளிக்கப்பட்ட கோரிக்கை மனுவில் 264,907 பேர் கையெழுத்திட்டார்கள். அன்றைய மக்கள்தொகையில் கிட்டத்தட்டப் பத்தில் ஒருவர். 1972ஆம் ஆண்டில் ஆட்சி மாறியது, ஏரி காப்பாற்றப்பட்டது. அதன் நீர்மட்டத்தைக் கண்காணிக்க 1973ஆம் ஆண்டில் காவலர் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. நியூசிலாந்தின் சுற்றுச்சூழல் இயக்கம் அங்கேதான் வேர்விட்டது என்கிறார்கள்.

ஏரி அழகானது, எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் அந்த ஏரியிலிருந்து கிளம்பிய ஆற்றுக்கும், அந்த ஆற்று நீர் போய் விழுந்த ஃபியோர்டுக்கும் அந்த அளவு ஆதரவு திரளவில்லை. அழகு கண்ணுக்குத் தெரிகிறது. நீரின் உப்பு அளவு தெரிவதில்லை.

மீண்டும் அந்த 62 புள்ளிகள்

திரும்பும் வழியில் டால்பின்களைப் பார்த்தோம். ஏழெட்டு முதுகுத் துடுப்புகள். இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். அவை மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. உலகிலேயே மிகத் தெற்கே வாழும் பாட்டில்மூக்கு டால்பின் கூட்டங்களில் இது ஒன்று. இன்று ஏறத்தாழ 60 முதல் 70 டால்பின்கள் இருக்கின்றன. பெரும்பாலும் இந்த ஃபியோர்டிலேயே பிறந்து, இதிலேயே வாழ்ந்து முடிப்பவை.

நான் படித்த கோப்பின் தரவு 2001ஆம் ஆண்டோடு முடிகிறது. இரண்டாவது சுரங்கம் திறந்தது 2002ஆம் ஆண்டில். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் குட்டிகள் பிழைக்கும் விகிதம் குறைந்ததையும், கூட்டம் சிறுத்ததையும் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். கூடுதலாக வந்த குளிர்ந்த நன்னீர் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். சுற்றுலாப் படகுகளின் தொல்லை மீதும் சந்தேகம் எழுந்தது. பின்னர், படகுகள் நுழையாமல் ஒதுங்கிப்போக வேண்டிய பாதுகாப்புப் பகுதிகள் கரையோரமாக வகுக்கப்பட்டன.

கோப்பில் அவை 62 புள்ளிகள். என் கணினியில் என்றும் அப்படியே இருக்கும். அந்தத் தண்ணீரில் அவற்றின் எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

நீர்மின்சாரம் தீயது என்று நான் சொல்ல வரவில்லை. நிலக்கரி புகையில்லாமல் ஓர் ஆலையையே ஓட்டுவது சிறிய காரியம் அன்று. ஆனால் 'தூய எரிசக்தி' என்ற சொல்லைத் தேர்வுத்தாளில் எழுதும்போது, அந்தத் தூய்மைக்கு எந்த ஆறு எவ்வளவு கொடுத்தது என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும்.

இந்தக் கேள்வி நமக்கும் தூரமானதன்று. 2022ஆம் ஆண்டில் சிங்கப்பூர், லாவோஸின் நீர்மின்சாரத்தைத் தாய்லாந்து, மலேசியா வழியாக வாங்கத் தொடங்கியது. வரும் ஆண்டுகளில் அண்டை நாடுகளிலிருந்து இன்னும் அதிகமான மின்சாரத்தை இறக்குமதி செய்யத் திட்டமிட்டிருக்கிறது. நான் இதைத் தட்டச்சு செய்யும் மேசை விளக்கிலும் ஏதோ ஓர் ஆற்றின் பங்கு இருக்கலாம்.

நாடு திரும்பியதும் அந்தப் பழைய கோப்பை மறுபடி திறந்தேன். இந்த முறை புள்ளிகளை எண்ணுவதற்கு முன் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். லாவோஸ் வரைபடத்தையும் பக்கத்தில் திறந்தேன். மேக்கோங் என்ற ஒரே ஒரு பெயர்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அதில் வந்து சேரும் மற்ற ஆறுகளின் பெயர்களை இப்போதுதான் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.